படத்தில் இருப்பவர் பெயர் என்ன?

தோட்டத்திற்குள் வரும் செய்தித்தாள் ஒருவர் கையோடு நின்றுவிடுவதில்லை. லயத்து வாசலில் ஒருவர் படிக்க, நால்வர் கேட்க, ஐந்தாமவர் தோளுக்கு மேலாக எட்டிப் படத்தைப் பார்ப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டியும் படத்தைப் படித்துவிடுவார். "இது எந்த ஊர்? இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? பெற்றவள் எங்கே?" என்று அவர் கேட்கும் கேள்விகளுக்குப் படித்தவரிடமும் சில வேளைகளில் விடை இராது. இன்று செய்தித்தாள் இருந்த இடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்துகொண்டது. எட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

பாட்டியின் அந்தக் கேள்விகளைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம். உலக மக்களின் மனத்தை உலுக்கிய புகைப்படங்கள் பல உண்டு. அவற்றுள் உழைப்பாளர் வாழ்வைக் காட்டிய சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை எவ்வாறு எடுக்கப்பட்டன, எத்தகைய பேச்சை எழுப்பின, அந்தப் பேச்சால் விளைந்தது என்ன என்பதை விளக்க முற்படுகிறோம். முதற்படம் நம் தொழிலோடு தொடர்புடையது. ரப்பரின் வரலாற்றிலேயே மிகத் துயரமான படம் அதுவே எனலாம்.

காங்கோவின் கொடிப்பால்

1904ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். ஆப்பிரிக்காவின் நடுவே, காங்கோக் காட்டில், பாரிங்கா என்னும் ஊரில் கிறித்துவச் சமய ஊழியர் வாழ்ந்த வீட்டுக்கு ஓர் ஆடவர் வந்தார். இலையில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு குழந்தையின் கையும் பாதமும் இருந்தன. அவை அவருடைய ஐந்து வயது மகளுடையவை. அங்கிருந்த ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, அவரைத் திண்ணையோரத்தில் அமரச்செய்து, அந்தக் கையையும் பாதத்தையும் அவர் முன்னே வைத்துப் படமெடுத்தார். அப்படத்தில் அழுகை இல்லை, கூச்சல் இல்லை. ஒரு தந்தை பக்கவாட்டில் அமர்ந்து கீழே நோக்குகிறார். அவ்வளவே.

இக்கொடுமை ஏன் நிகழ்ந்தது? காங்கோ நாட்டைப் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் 1885ஆம் ஆண்டு முதல் தம் சொந்த உடைமையாக வைத்திருந்தார். அது பெல்ஜியத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. அரசரோ ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை. 1888ஆம் ஆண்டு டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்து காட்டினார். முதலில் சைக்கிளுக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் டயர் வேண்டியிருந்ததால் ரப்பருக்கு உலகெங்கும் பசி ஏற்பட்டது. காங்கோவில் நம் தோட்டங்களிலுள்ள பால்மரம் அன்று இல்லை. காட்டு மரங்களின்மேல் படர்ந்து ஏறும் ஒருவகைக் கொடியிலிருந்து பால் எடுத்தனர். நிரையாக நட்ட மரமும், மங்கும், வாளியும் பழகிய நமக்கு அவ்வேலையை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆடவர் பல நாள் காட்டுக்குள் தங்கிக் கொடியைத் தேடி அலைந்தனர். உயர ஏறிக் கொடியை வெட்டினர். வடிந்த பாலைத் தம் உடம்பிலேயே பூசி உறையவைத்து, உறைந்தபின் மயிரோடு உரித்தெடுத்தனர்.

இன்ன ஊர் இத்தனை எடை ரப்பர் கொடுக்கவேண்டும் என்று கணக்கு வகுத்தார்கள். கணக்குக் குறைந்தால் ஊருக்குள் துப்பாக்கிக் காவலர் வந்தனர். பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்துவைத்து, ரப்பர் வந்த பிறகே விடுவித்தனர். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் காவலர் தம் மேலதிகாரியிடம் கணக்குக் காட்டவேண்டும் என்பது ஒரு விதி. வேட்டைக்குத் தோட்டாவை வீணாக்கவில்லை, ஆளைத்தான் சுட்டோம் என்பதற்குச் சான்றாக வெட்டிய கையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படத்திலிருந்த தந்தையின் ஊர் ரப்பர்க் கணக்கில் குறைந்த ஊர். அவருடைய மகளோடு மனைவியும் கொல்லப்பட்டார்.

இவை யாவும் ஐரோப்பாவில் எவருக்கும் தெரியாமல் இருந்தன என்று எண்ணவேண்டாம். சமய ஊழியர் சிலர் முன்னரே எழுதியிருந்தனர். எட்மண்ட் மோரல் என்னும் கப்பல் நிறுவனக் கிராணி ஒருவர் இருந்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் யானைத்தந்தமும் நிரம்பி வருவதையும், திரும்பிச் செல்லும் கப்பல்களில் துப்பாக்கியும் தோட்டாவுமே பெரும்பாலும் ஏறுவதையும் அவர் கவனித்தார். சரக்குக்கு ஈடாகப் பண்டம் போகவில்லையென்றால் அங்கே வாணிபம் நடக்கவில்லை, அடிமைத்தனம் நடக்கிறது என்பதைக் கணக்கேட்டைக் கொண்டே அவர் கண்டுகொண்டார். பேரேட்டைப் பார்த்து ஒரு நாட்டின் கண்ணீரைக் கண்ட அந்தக் கிராணியை நாம் மறக்கலாகாது. பிரிட்டிஷ் தூதராக இருந்த ரோஜர் கேஸ்மெண்ட் 1903ஆம் ஆண்டு காங்கோவின் உட்பகுதிகளுக்கு நேரே சென்று, பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

அறிக்கை 1904ஆம் ஆண்டு தொடக்கத்தில் அச்சாயிற்று. ஆனால் அச்சிடும்போது ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் நீக்கிவிட்டு, அவ்விடங்களில் வெறும் எழுத்துகளை இட்டனர். கை வெட்டுண்டவருக்குப் பெயர் இல்லை. வெட்டிய காவலர் எந்த ஊரில் இருந்தார் என்பதும் இல்லை. பெயரில்லாத துயரத்தை நம்ப மறுப்பது எளிது. கேஸ்மெண்ட் இதனால் மிகவும் மனம் கசந்தார். அரசரின் தரப்பாரோ எல்லாம் கட்டுக்கதை என்று சாதித்தனர்.

அந்த வேளையில்தான் ஹாரிஸ் அம்மையாரின் படங்கள் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. அவர் படத்தை மட்டும் அனுப்பவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்தவரின் பெயர் என்சாலா, ஊர் வாலா, மகளின் பெயர் போவாலி என்பதையும் கேட்டு எழுதியிருந்தார். மற்றப் படங்களில் கையிழந்து நிற்கும் சிறுவர் பலருக்கும் பெயர் குறித்திருந்தார். மோரல் அவற்றைத் தம் நூலில் சேர்த்தார். காங்கோ மக்களின் துயர் தீர்க்கவென்று அவர் 1904ஆம் ஆண்டு ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பிய ஹாரிஸ் அம்மையாரும் அவர் கணவர் ஜானும் அந்தப் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் ஏற்றி, விளக்கொளியால் வெண்திரையில் பெரிதாக்கிக் காட்டி, ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தனர்.

அக்கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதை நம் மூத்த வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. தகவல் இலாகாவின் படவண்டி தோட்டத் திடலில் வந்து நின்று, திரைகட்டிப் படம் ஓட்டிய இரவுகளை அவர்கள் நினைவுகூரலாம். படம் ஓடும்வரை திடல் அமைதியாக இருக்கும். விளக்கு எரிந்தபின் லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் பேச்சாக இருக்கும். இங்கிலாந்தின் ஆலயங்களிலும் மண்டபங்களிலும் நிகழ்ந்ததும் அதுவே. திரையில் படம் சில நிமிடங்களே நின்றது. அதைப் பற்றிய பேச்சோ வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் சென்றது. மக்கள் தீர்மானம் நிறைவேற்றினர். அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1905ஆம் ஆண்டு, லியோபோல்ட் அரசரே தனிமையில் புலம்புவதாக ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அரசருக்கு மிகுந்த ஆத்திரம் வருவது புகைப்படக் கருவியின்மேல்தான்.

எதிர்ப்பைத் தணிக்க அரசரே ஒரு விசாரணைக் குழுவை அமைக்க நேர்ந்தது. அவர் அமர்த்திய அந்தக் குழுவே 1905ஆம் ஆண்டு வெளியான தன் அறிக்கையில் கொடுமைகள் உண்மை என்று ஒப்புக்கொண்டது. 1908ஆம் ஆண்டு காங்கோ அரசரின் கையை விட்டுப் பெல்ஜிய நாட்டு நிர்வாகத்தின்கீழ் வந்தது. அத்துடன் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கட்டாய வேலை வேறு பெயர்களில் தொடர்ந்தது. ஆயினும் வெட்டிய கையைக் கணக்காகக் கொடுக்கும் காலம் முடிந்தது.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லவேண்டும். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், 1900ஆம் ஆண்டுக்குப் பின் மலாயாவெங்கும் தோட்டங்களாகப் பெருகின. காங்கோவில் கொடிப்பால் எடுக்க மக்களைத் துரத்திய அதே டயர்ப் பசிதான், நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தது. மலேரியாவும் ஒப்பந்தக் கூலிமுறையும் அவர்களை வாட்டின. ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதற்குப் பிறகும் நீடித்தது. 1914ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. காட்டுப்பாலுக்கு விலை விழுந்தது. காங்கோவின் கொடிப்பால் காலம் முடிந்ததில் ஹாரிஸ் அம்மையாரின் படங்களுக்கும் பங்குண்டு. இங்கே நம்மவர் சீவிய மரங்களுக்கும் பங்குண்டு.

சட்டைப்பையில் எழுதிய குறிப்பு

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்னும் பள்ளி ஆசிரியர் இருந்தார். 1908ஆம் ஆண்டு, குழந்தைத் தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட தேசியக் குழுவொன்று அவரைப் படமெடுக்க அமர்த்தியது. நூற்பாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை, மீன் பதனிடும் கொட்டகை என்று அவர் செல்லாத இடமில்லை. முதலாளிகள் எளிதில் உள்ளே விடுவார்களா? அவர் சில இடங்களில் வேதநூல் விற்பவராகவும், சில இடங்களில் தீயணைப்புச் சோதனை செய்பவராகவும் சொல்லிக்கொண்டு நுழைந்தார். பிள்ளையின் வயதை முதலாளி கூட்டிச் சொல்வார் என்பதை அறிந்த ஹைன், தம் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை உயரம் என்பதை முன்னரே அளந்துவைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால், தலை எந்தப் பொத்தானுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணித்துவிடுவார். பெயர், வயது, வேலை, கூலி ஆகியவற்றைச் சட்டைப்பைக்குள் கைவிட்டு, வெளியே தெரியாமல் குறித்துக்கொள்வார்.

அவருடைய படங்களுள் ஒன்றில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு நூற்பு எந்திரத்தின்மேல் கை ஊன்றி நிற்கிறாள். 1910ஆம் ஆண்டு, வெர்மாண்ட் மாநிலத்துப் பருத்தியாலை ஒன்றில் எடுத்த படம் அது. கண்ணில் சோர்வும் நிமிர்வும் சேர்ந்தே தெரிகின்றன. அவள் பெயர் ஆடி கார்ட். அப்பெயர் பின்னாளில் தவறாகப் பதிவாகி, 'ஆடி லேர்ட்' என்று பரவிவிட்டது. ஓர் எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிடுவதற்கில்லை. அப்பிழையால் அவர் யார், பின்னர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பல பத்தாண்டுகளாக எவராலும் கண்டுபிடிக்க இயலவில்லை. 1998ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அப்படத்தை அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள் சரியான பெயரைப் பிடித்து விசாரித்தபோது, அவர் 1993ஆம் ஆண்டு வரை உயிரோடு இருந்தவர் என்று தெரியவந்தது. அஞ்சல்தலைக்கு ஐந்தாண்டு முந்தி அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஹைனின் படங்களால் சட்டம் உடனே வந்துவிடவில்லை. 1912ஆம் ஆண்டு குழந்தைகள் நலத்துக்கென ஓர் அரசாங்கப் பிரிவு அமைந்தது. 1916ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. இரண்டே ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிலையான சட்டம் வந்தது 1938ஆம் ஆண்டில். முதற் படத்துக்கும் அச்சட்டத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளும் தொழிற்சங்கத்தினரும், ஆசிரியர்களும், தாய்மார்களும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹைன் 1940ஆம் ஆண்டு வறுமையில் இறந்தார்.

நம் நாட்டில் 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் இருக்கிறது. விடியுமுன் அப்பாவோடும் அம்மாவோடும் காட்டுக்குப் போய், ஒட்டுப்பால் பிடுங்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய தலைமுறையினர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆடி கார்டின் படத்தை அவர்களிடம் காட்டினால், அந்த வெறுங்காலைப் பார்த்து அவர்கள் சொல்லக்கூடிய கதைகள் பல.

பெயர் கேட்கப்படாத தாய்

மூன்றாவது படத்தை உலகில் பார்க்காதவர் குறைவு. பஞ்சம், வறுமை என்று எழுதுகின்ற இடமெல்லாம் அதை அச்சிடுகிறார்கள். ஒரு தாய் கன்னத்தருகே விரல்களை வைத்துத் தொலைவில் நோக்குகிறாள். இரு பிள்ளைகள் அவள் தோள்களில் முகம் புதைத்திருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை. 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் கூடாரத்தில் எடுத்த படம். எடுத்தவர் டொரோத்தியா லாங்கே என்னும் பெண்மணி. அவர் அப்போது அரசாங்கப் பணியில் இருந்தார். பனியால் பட்டாணிப் பயிர் அழிந்து, பறிப்பதற்கு ஒன்றுமில்லாமல் கூலிகள் பட்டினி கிடந்தார்கள்.

சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் லாங்கேயின் படங்களோடு செய்தி வெளியான உடனே பலன் கிட்டியது. 20,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9,000 கிலோ உணவுப்பொருளை அரசாங்கம் அந்தக் கூடாரத்துக்கு அனுப்பியது. படத்தின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் படத்திலிருந்த தாயும் பிள்ளைகளும் வேறிடத்துக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

லாங்கே சில நிமிடங்களே அங்கிருந்தார். தாய்க்கு வயது 32 என்று கேட்டறிந்தார், பெயரைக் கேட்கவில்லை. தின்பதற்கு வழியின்றி அப்போதுதான் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதிவைத்தார். டயர் விற்ற கதை உண்மையன்று என்று அக்குடும்பத்தார் பிற்காலத்தில் மறுத்தனர். டயரை விற்றிருந்தால் அவ்விடத்தை விட்டு எப்படிப் புறப்பட்டிருப்போம் என்ற அவர்கள் நியாயம் நமக்கும் சரியாகவே படுகிறது.

அந்த அம்மையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் 'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரிலேயே உலகெங்கும் அறியப்பட்டார். 1978ஆம் ஆண்டு ஒரு நாளிதழின்வழி அவரே வெளிப்பட்டுப் பேசினார். பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். வெள்ளைக்காரக் குடியானவப் பெண் என்று உலகம் எண்ணியிருந்த அவர், செரோக்கி என்னும் அமெரிக்கப் பூர்வகுடி மரபினர். எத்தனையோ சுவர்களில் தம் முகம் தொங்குகிறது, அதனால் தமக்கு ஒரு காசும் வந்ததில்லையே என்பது அவருடைய குறை. படம் அரசாங்க உடைமையாக இருந்ததால் லாங்கேக்கும் அதன்மூலம் தனி வருவாய் இல்லை. ஆனால் அவருக்குப் புகழ் வந்தது. தாய்க்கு அதுவும் வரவில்லை.

1983ஆம் ஆண்டு தாம்சன் அம்மையார் நோயுற்றபோது, மருத்துவச் செலவுக்காகப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டனர். 35,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. பணத்தோடு கடிதங்களும் வந்தன. அந்தப் படம் தங்களுக்கு எத்தகைய மனவலிமை தந்தது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். படத்தை அவமானமாகவே எண்ணியிருந்த பிள்ளைகள் அந்தக் கடிதங்களைப் படித்த பிறகு வேறுவிதமாகப் பேசத் தொடங்கினர். பெயர் தெரிந்த பிறகே உதவியும் கடிதமும் உரியவரிடம் வந்து சேர்ந்தன என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

நம் லயங்களுக்கும் அவ்வப்போது கருவி ஏந்தியவர்கள் வருகிறார்கள். இன்முகத்தோடு வரவேற்பதே நம் பண்பு. ஆயினும் எதற்காக எடுக்கிறீர்கள், எதில் வெளியிடுவீர்கள் என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. நல்ல எண்ணத்தோடு வந்தவர் அக்கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார். நம் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளவும் அவர் விரும்புவார்.

ஆட்களே இல்லாமல் பேச்சை எழுப்பிய படமும் ஒன்று உண்டு. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், அப்பல்லோ 8 விண்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சந்திரத் தரையின் விளிம்புக்கு மேலே நீலமும் வெண்மையுமாகப் பூமி எழுவதை அதிலிருந்த மூவரும் கண்டனர். பூமியைப் படமெடுப்பது அந்த வேளைக்குரிய திட்டத்தில் இல்லை. வில்லியம் ஆண்டர்ஸ் வண்ணச் சுருள் எங்கே, எங்கே என்று பதறிக் கேட்டு வாங்கிப் படமெடுத்தார். சந்திரனை ஆராயப் போனவர்கள் பூமியைக் கண்டு திரும்பினார்கள் என்று அப்போது மக்கள் பேசிக்கொண்டார்கள். 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் முதன்முதலாகப் பூமி தினம் கொண்டாடப்பட்டபோது, காற்றையும் நீரையும் காக்கவேண்டும் என்று பேசியவர்களுக்கு அந்தப் படம் கொடிபோல் உதவியது.

கைப்பேசியில் வரும் படங்கள்

ஹாரிஸ் அம்மையாரின் படம் காங்கோவிலிருந்து இங்கிலாந்து செல்லப் பல வாரங்கள் பிடித்தன. இன்று ஒரு படம் கண் இமைக்கும் நேரத்தில் உலகைச் சுற்றிவிடுகிறது. ஆனால் யார், எங்கே, எப்போது என்னும் குறிப்பு படத்தோடு சேர்ந்து வருவதில்லை, வழியிலேயே உதிர்ந்துபோகிறது. அந்த இடத்தில் வேறு யாராவது தமக்குத் தோன்றியதை எழுதிவிடுகிறார்கள்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நேப்பாளத்தில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. சில நாட்களில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தங்கையை அணைத்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று கைப்பேசிகளில் பரவியது. இடிபாட்டில் பெற்றோரை இழந்த நேப்பாளப் பிள்ளைகள் என்று அதன் கீழே எழுதியிருந்தது. பார்த்தவர் கண்கள் கலங்கின. நன்கொடை திரட்டவும் அதைப் பயன்படுத்தினர். உண்மையில் அது 2007ஆம் ஆண்டு வியட்நாமின் வடக்கே, ஹா ஜியாங் மாநிலத்து மலைக் கிராமமொன்றில் எடுத்த படம். எடுத்தவரே பின்னர் இதைத் தெரிவித்தார். பெற்றோர் வயலில் வேலையாக இருக்க, பிள்ளைகள் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்நியர் ஒருவரைக் கண்டு தங்கை மிரள, அண்ணன் அணைத்துத் தேற்றினான். படம் பொய்யன்று, அதன்கீழ் எழுதிய சொல் பொய். இத்தகைய பிழைதான் மிகுதியாக நடக்கிறது.

படமே பொய்யாக இருப்பதும் இப்போது எளிதாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம், போப்பாண்டவர் பஞ்சு பொதிந்த வெள்ளை நிறக் குளிரங்கி அணிந்து நடக்கும் படமொன்று பரவியது. அப்படி ஒரு நிகழ்ச்சியே நடக்கவில்லை. சொற்களைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் கணினி மென்பொருள் ஆக்கிய படம் அது. குளிரங்கியால் எவருக்கும் கேடு இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓர் ஆலயமோ பள்ளிவாசலோ எரிவதுபோல் அதே முறையில் படம் ஆக்கி அனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பல இன மக்கள் கூடிவாழும் நாட்டில் இருக்கும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பாட்டியின் கேள்விகள் இங்கேதான் பயன்படுகின்றன. எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார், நமக்கு அனுப்பியவர் நேரில் கண்டாரா என்று கேட்டுப் பாருங்கள். நான்காவது கேள்விக்கே பெரும்பாலான படங்கள் நின்றுவிடும். கணினியின் தேடுதளங்களில் படத்தையே கொடுத்து, அது முன்பு எப்போது, எங்கே வெளியானது என்று பார்க்கவும் வழியுண்டு. பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது தெரியும். பரவும் செய்திகளின் உண்மையைச் சரிபார்க்க மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டு 'செபெனார்ஞா' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. ஐயம் எழுந்தால் விடை கிடைக்கும்வரை அந்தப் படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்திருப்பதில் எந்த நட்டமும் இல்லை.

தகரப் பெட்டியிலுள்ள படங்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் விற்பனையான அஞ்சலட்டைகள் சில இன்றும் சேகரிப்பாளரிடம் இருக்கின்றன. பால்மரத்தடியில் உளியோடு நிற்கும் தமிழர்களை அவற்றில் காணலாம். கீழே 'ரப்பர்த் தோட்டம்' என்றோ 'தமிழ்க் கூலிகள்' என்றோ அச்சிட்டிருக்கும். ஒருவருக்கும் பெயர் இராது. காங்கோவில் மகளை இழந்த என்சாலாவின் பெயரை உலகம் நூறாண்டு கடந்தும் சொல்கிறது. அதே ஆண்டுகளில் இங்கே மரம் சீவிய அந்த ஆடவர், பெண்டிரின் பெயரைச் சொல்ல இன்று ஆளில்லை.

நம் வீடுகளிலும் அத்தகைய படங்கள் இருக்கும். தோட்ட ஆபீசின் முன்னே வரிசையாக நின்று எடுத்த படம், ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள், மாரியம்மன் திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம், பெரட்டுக்கு நின்ற காலை நேரம் என்று தகரப் பெட்டியிலும் சாமிப்படத்தின் பின்னாலும் கிடப்பவை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. அப்படத்திலுள்ள முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர் அனைவரும் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள்.

இந்த மாதச் சம்பள நாளுக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமை, அத்தகைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் அமருங்கள். இடப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக விரல் வைத்துக் கேளுங்கள். பெயர் சொல்லும்போது அவர் அத்துடன் நிறுத்தமாட்டார். அவர் எந்த நிரை வெட்டினார், யார் மகளைக் கட்டினார், எந்த ஆண்டு எங்கே போனார் என்று கதை நீளும். பெயரோடு தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு நினைவில்லையென்றால், எந்தப் பிள்ளை பிறந்த ஆண்டு, எந்தத் தேர்தலுக்கு முன்னே என்று கேட்டால் கணக்குக் கிடைத்துவிடும். தேசிய ஆவணக் காப்பகம் தனியாரிடமுள்ள வரலாற்று ஆவணங்களையும் ஏற்றுப் பாதுகாக்கிறது. அவ்வாறு ஒப்படைக்கும்போதும் பெயரும் இடமும் ஆண்டும் குறித்த படத்துக்கே மதிப்பு மிகுதி.

குறிப்பைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதவேண்டும். பேனா மை நாளடைவில் ஊறி முன்புறத்து முகங்களின்மேல் கறையாக வந்துவிடும்.